துரை விட்டுப்போன தொட்டி

குளியல் தொட்டி கதவு வழியாக வெளியே வராது என்று தெரிந்தபோது அது பாதி வழியில் இருந்தது. வீட்டுக்காரர் கலந்தர் முதலாளி அதற்குப் பின்னால், குளியலறைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்.

உக்குவளையில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன பங்களா அது. கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்துவிடுவதுதான் வழக்கம் என்பதால், மகள் மஸீஹாவின் சீதனத்துக்கென்றே வாங்கியிருந்தார். அன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். பல இடங்கள் தட்டிப்போய்க் கடைசியில் அமைந்த சம்பந்தம்.

தொட்டியை எடுக்கச் சொன்னது மனைவி நூருன்னிஸா. மாப்பிள்ளையின் தாய் ஸுபைதா ரொம்பக் கண்டிப்பானவராம். துரையும் துரைசாணியும் மல்லாந்து படுத்துக் குளித்த தொட்டியைக் கண்டால் வந்த வழியே திரும்பிவிடுவாராம். அந்த இடத்தில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒழு எடுக்கச் சின்ன நீர்த்தடாகமாக ஒரு ஹவுள் கட்டினால் வீட்டுக்கே மரியாதை என்றாள்.

மேசன் நடராஜா, கதவு நிலையைப் பெயர்த்தால் போதும் என்றார். பெயர்த்தார்கள். தொட்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்து, முன்னைவிட இறுக்கமாகச் சிக்கியது. கலந்தர் உள்ளேயிருந்து தண்ணீர்க் குழாயில் காலை ஊன்றி இழுத்தார். தொட்டி வரவில்லை. குழாய் வந்தது.

"கையால பொத்திக்கிட்டு நில்லுங்க முதலாளி," என்றார் நடராஜா.

"அவங்க வரும்போதும் இப்படியேதான் நிப்பீங்களா?" என்று தொட்டிக்கு அப்பாலிருந்து நூருன்னிஸா கேட்டாள்.

"வேற எப்படி நிக்கிறது? ஸலாம் சொல்லக் கை குடுக்கவும் வழியில்ல."

பின்சுவரை உடைத்தால் முதலாளியும் வரலாம், தொட்டியும் வரலாம் என்று நடராஜா யோசனை சொன்னார். கலந்தர் மகளின் முகத்தை நினைத்துக்கொண்டு, உடை என்றார். அலவாங்குக் கம்பி விழுந்தது. சுவரும் விழுந்தது. முதலில் கலந்தரும், நடராஜாவின் ஆட்கள் ஆறு பேர் தள்ளியதில் பிறகு தொட்டியும் வெளியே வந்து சேர்ந்தனர். தொட்டியை வாழை மரங்களுக்குள் உருட்டிச் சாக்குப் போட்டு மூடினார்கள்.

வீட்டின் முதுகில் மாட்டு வண்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. தாடியெல்லாம் சுண்ணாம்புடன் நனைந்து நின்ற கலந்தருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் தொட்டி ஒழிந்தது, சம்பந்தம் பிழைத்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அப்போது வாசலில் ஒரு லொறி வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டு டிரைவர் யஹ்யா இறங்கி ஸலாம் சொன்னார். மற்றவர்கள் காரில் பின்னால் வருவதாகவும், அதற்குள் ஒரு சாமானை உள்ளே வைத்துவிடச் சொல்லி ஸுபைதா உம்மா அனுப்பியதாகவும் சொல்லித் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே, துரையின் தொட்டியைவிட ஒரு சாண் நீளமான வெள்ளைத் தொட்டி.

யஹ்யா வீட்டைச் சுற்றி வந்து பின்சுவரைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மாப்பிள்ளைக்கு இதுல படுத்துக் குளிச்சாத்தான் குளிச்ச மாதிரி இருக்கும், அதுக்காகச் சுவரையே உடைச்சு வச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சா உம்மா ரொம்பச் சந்தோஷப்படுவாங்க."