சம்பந்தியின் கதையில் பதினொரு குறைகள்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன், முப்பத்திரண்டு ஆண்டுகள் லிஃப்ட் ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே என் மனைவி நலம். நான் நலமா என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்ததும் தாங்கள்தான் சொல்ல வேண்டும். அங்கே மாப்பிள்ளையும் பேத்தியும் நலம் என்று மகள் சொன்னாள். தாங்கள் நலமில்லை என்றும் அவள்தான் சொன்னாள். அது பற்றித்தான் எழுதுகிறேன். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். நான்கு தடவை கூப்பிட்டேன். நான்கு தடவையும் தங்கள் "ஹலோ"வைக் கேட்டதும் நாக்கு உள்ளே போய், "பேத்தி என்ன பண்றா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பேத்தி மேல் இவருக்கு என்ன திடீர்ப் பாசம் என்று தாங்கள் யோசித்திருப்பீர்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இணையக் கதைக் குழுவில் தங்கள் கதைக்குப் பதினொரு குறை எழுதிய "அரம்" என்கிற ஆள் நான்தான். "ஓரத்து நாற்காலி" என்ற பெயரில் எழுதுவது தாங்கள்தான் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனா? எழுதியிருக்க மாட்டேன். ஆனால் வேறு யாரோ ஒருவர் என்று நினைத்து எழுதியது மட்டும் என்ன நியாயம் என்று என் மனைவி கேட்கிறாள்.

ஒரு மனிதன் முப்பத்திரண்டு வருடம் தினமும் எதிலாவது குறை கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, திடீரென்று ஒரு திங்கட்கிழமை வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆவான், சொல்லுங்கள். முதல் வாரம் சமையலறைக் கதவின் கீலில் குறை கண்டேன். இரண்டாம் வாரம் மனைவி துணி மடிக்கும் முறையில் கண்டேன். மூன்றாம் வாரம் அவள், "ஐயா சாமி, குறை சொல்லாம இருக்க முடியலைன்னா வெளியில எங்கயாவது போய்ச் சொல்லுங்க, என்னை விட்டுடுங்க" என்று கும்பிடு போட்டாள். அப்போதுதான் கைப்பேசியில் இந்தக் குழு கண்ணில் பட்டது. நம் கதை ஒன்றைப் போட வேண்டுமானால் முதலில் மற்றவர்கள் கதை மூன்றுக்கு விமர்சனம் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. தாங்களும் அதன்படி எழுதியவர்தானே. மனிதர்கள் தாங்களாகவே குறை கேட்டு வரிசையில் நிற்கும் இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மூன்று கேட்டார்கள், நான் ஒரே மாதத்தில் நாற்பது எழுதினேன். எல்லாம் ஆய்வறிக்கை மாதிரிதான், குறை ஒன்று, குறை இரண்டு என்று எண் போட்டு. ஒரு கல்லூரிப் பெண் அழுதுகொண்டே குழுவை விட்டுப் போனதாகக் கேள்வி. அப்போது நான் அதைக்கூட என் வேலைத்திறமைக்குக் கிடைத்த சான்று என்றுதான் எடுத்துக்கொண்டேன், வெட்கக்கேடு.

பிறகு நானும் ஒரு கதை எழுதினேன். லிஃப்டில் இரண்டு பேர் மாட்டிக்கொள்ளும் கதை. மொத்தம் பத்துப் பக்கம், அதில் ஆறு பக்கம் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பது. அதற்குத் தாங்கள் ஒரு விமர்சனம் எழுதினீர்கள். "தங்கள் கதையில் லிஃப்ட் நன்றாக மூச்சு விடுகிறது. உள்ளே இருக்கும் இருவரும் இன்னும் கொஞ்சம் மூச்சு விட்டால் நன்றாக இருக்கும்." எவ்வளவு மரியாதையான வாக்கியம்! இன்றைக்குப் படித்தால் எனக்கே தெரிகிறது. ஆனால் அன்றைக்கு எனக்குப் பளாரென்று கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் அந்த வாங்கு வாங்கினீங்களே, ஒருத்தர் திருப்பி ஒரு வார்த்தை சொன்னா தாங்கலையா?" என்று மனைவி கேட்டாள். தாங்கவில்லை, சம்பந்தி. உள்ளே புகைந்துகொண்டே இருந்தது. இந்த ஓரத்து நாற்காலி ஒரு கதையைப் போடட்டும், பார்த்துக்கொள்கிறேன் என்று காத்திருந்தேன்.

ஒரு வாரத்தில் "நான்காவது மாடி" வந்தது. நான் அதை அச்செடுத்து, சிவப்புப் பேனாவுக்குப் புது ரீஃபில் போட்டு உட்கார்ந்தேன். ஒருவர் தம் மனைவியை நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்குக் கூட்டிவருகிறார், அம்மாளை ஸ்ட்ரெச்சரில் வைத்து லிஃப்டில் ஏற்றுகிறார்கள், கதவு மூடிவிடுகிறது, அவர் படிக்கட்டு வழியாக ஏறுகிறார், நான்காவது மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. சம்பந்தியம்மாள் போய் ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அதே மருத்துவமனை வாசலில் தங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எனக்கு உறைக்கவில்லை, சம்பந்தி. கண்ணில் குறை மட்டும்தான் தெரிந்தது.

என்ன எழுதினேன் என்று தங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனாலும் திரும்ப எழுதுகிறேன், என் கை வலிக்கட்டும். குறை நான்கு: ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் பெண் "மாடியில துணி காயுது, எடுத்தீங்களா?" என்று கேட்பது நம்பும்படியாக இல்லை, அந்த நேரத்தில் எந்த மனுஷியும் அப்படிக் கேட்க மாட்டாள். குறை ஏழு: படி ஏறுவதற்கு நான்கு பக்கம் எதற்கு, மாடிக்கு ஒரு வரி போதும். குறை ஒன்பது: மனைவி இறந்த செய்தியைக் கேட்டவர் அழாமல், செவிலியரிடம் "கால் வலிக்குது, கொஞ்சம் உக்காரலாமா?" என்று கேட்கிறார், இந்தக் கல்நெஞ்சன் மேல் வாசகருக்குப் பரிவு வராது. குறை பதினொன்று: இதை எழுதியவர் ஒரு மனைவியைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை என்று தோன்றுகிறது. அதற்கு இருபத்திரண்டு பேர் விருப்பக்குறி போட்டார்கள். அன்றைக்கு நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து மகள் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், மனைவி பக்கத்தில் இருந்தாள்.

"அப்பா, மாமா யாரோடயும் சரியாப் பேசவே மாட்டேங்கிறாருப்பா. அத்தையைப் பத்தி ஒரு கதை எழுதி இன்டர்நெட்ல போட்டிருக்காரு. எவனோ ஒரு படுபாவி அதைக் கிழிகிழின்னு கிழிச்சிருக்கான். 'அரம்'னு பேராம். கையில மட்டும் கிடைச்சான்..."

"ஆமாம்மா" என்றேன். "அப்படியும் ஆளுங்க இருக்காங்க."

என் மனைவிக்கு என் புனைபெயர் தெரியும். அவள் என்னைத் திட்டவில்லை. எழுந்து போய் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணியையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள், ஈரமாக இருந்ததையும் சேர்த்து. நம் பிள்ளைகளின் கல்யாணம் முடிந்த மறுநாள், நாங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு சம்பந்தியம்மாள் ஓடிவந்து, "சம்பந்தி, உங்க சட்டை மாடியில காயுது, எடுத்தீங்களா?" என்று கேட்டதை நான் எப்படி மறந்தேன்? அந்த அம்மாளைத் தவிர வேறு யார் அப்படிக் கேட்பார்கள்? குறை நான்காம்! என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்களும் அந்தக் குழுவுல சேந்து, மாமாவுக்கு ரெண்டு நல்ல வார்த்தை எழுதுங்கப்பா" என்று மகள் வேறு கெஞ்சினாள். சரி, பாவத்தைக் கழுவ ஒரு வழி கிடைத்தது என்று "பூவிதழ்" என்ற பெயரில் புதிதாகச் சேர்ந்து தங்கள் கதையைப் பாராட்டி எழுதினேன். எனக்குப் பாராட்டிப் பழக்கம் கிடையாது. நிறை ஒன்று, நிறை இரண்டு என்று எண் போட்டுப் பதினொன்று வரை போய், கடைசியில் கை பழக்கத்தில் "மேற்கண்டவை சரிபார்க்கப்பட்டன" என்று முடித்துவிட்டேன். குழுவை நடத்தும் மருந்துக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "அரமும் பூவிதழும் ஒரே ஆள்தான். எண் போடறதைப் பாத்தாலே தெரியுதே. ஒரு பெரியவரைத் திட்டவும் திட்டிட்டு, கேலியும் பண்றீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் எழுதி, இரண்டு பேரையும், அதாவது என்னை இரண்டு தடவை, வெளியே தள்ளினார். தாங்களும் அதைக் கேலி என்றுதானே எடுத்துக்கொண்டீர்கள்? கேலி இல்லை, சம்பந்தி. எனக்குத் தெரிந்த பாராட்டு அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் கதையை அழித்துவிட்டீர்கள். மடிக்கணினியை உறையில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டீர்களாம். ஏன் மாமா என்று மகள் கேட்டதற்கு, "அந்த ஆள் சொன்னது சரிதாம்மா. நான் பக்கத்துல இருக்கலையே" என்றீர்களாம். அதைக் கேட்டதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் ஏதோ வாய்க்கு வந்ததை எழுதினேன். அது போய் எங்கே குத்தியிருக்கிறது பாருங்கள்.

ஆகவே பதினொரு குறைகளையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். துணியைப் பற்றி அந்த அம்மாள் கேட்டது கேட்டபடியே இருக்கட்டும். படிக்கட்டு நான்கு பக்கமும் இருக்கட்டும், நாற்பது பக்கம் வேண்டுமானாலும் ஏறுங்கள், நான் கூடவே ஏறி வருகிறேன். இனி என் ஆயுசுக்கும் யார் எழுத்தையும் குறை சொல்வதில்லை, சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கைப்பேசியில் இருந்து அந்தக் குழுவையே எடுத்துவிட்டேன். நான் அச்செடுத்த பிரதி ஒன்று மிச்சம் இருக்கிறது. தாங்கள் அழித்துவிட்டபடியால் உலகத்திலேயே இனி அது ஒன்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன், இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்புக் கோடுகள் மேல் வெள்ளைத் திரவம் பூசியிருக்கிறேன், அங்கங்கே காகிதம் விறைப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மகளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. என் மேல் உள்ள கோபத்தை அவள் மேல் காட்டிவிட வேண்டாம். தாங்கள் காட்டுபவர் இல்லை என்பது எனக்குத் தெரியும், பெற்ற வயிறு கேட்க மாட்டேன் என்கிறது என்று எழுதச் சொன்னது என் மனைவி. அந்த மடிக்கணினியைக் கீழே இறக்குங்கள். தங்களுக்கு உடம்பு தேறி, வாய் நிறையப் பேச்சு வரட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. பேத்திக்கு ஐந்தாவது தடவையாக என் விசாரிப்பு.

தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
மருமகளின் தகப்பன்

பின்குறிப்பு: மேலே சொன்னதை மீறுகிறேன். பன்னிரண்டாவதாக ஒரு குறை இருக்கிறது, அதை என்னால் திரும்பப் பெற முடியாது. கடைசிப் பக்கத்தில் "கதவு மூடும்போது உள்ளே ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது. நானும் ஏறியிருக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி அந்த மருத்துவமனைக்குப் போய் லிஃப்டைப் பார்த்துவிட்டு வந்தேன். காவலாளி இரண்டு தடவை விரட்டினார். தகட்டில் எட்டுப் பேர், ஐந்நூற்று நாற்பத்து நான்கு கிலோ என்று இருக்கிறது. ஸ்ட்ரெச்சர், தாங்கள் எழுதியிருக்கும் நான்கு பணியாளர்கள், ஆக்சிஜன் உருளை, லிஃப்ட் ஆள், எல்லாவற்றோடும் அம்மாளையும் குறைத்தே போட்டுக் கூட்டினேன். ஐந்நூற்று முப்பத்தைந்து. மீதி ஒன்பது கிலோ. பேத்திகூட ஏற முடியாது. இடம் இருந்தது உண்மைதான், இடம் வேறு, எடை வேறு. அந்த லிஃப்ட் ஆளையும் கேட்டேன். "கூட ஒருத்தர் ஏறினா மணி அடிக்கும் சார், கதவு மூடாது. அவரை இறக்கிவிட்டுத்தான் கிளம்பணும், அதுக்கே ஒரு நிமிஷம் போயிடும்" என்றார். தாங்கள் ஏறியிருந்தால் அம்மாளுக்கு அந்த ஒரு நிமிடமும் போயிருக்கும். எனக்கு ஆறுதல் சொல்ல வராது, அது தங்களுக்கே தெரியும். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு பொய்ச் சான்றிதழ் நான் கொடுத்ததில்லை. அந்த வரி தவறு. அதன் மேல் உள்ள சிவப்புக் கோட்டை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். வரியை அடித்துவிட்டு, திருத்திய பிரதியை எனக்கு அனுப்பி வையுங்கள்.