தொட்டி நிறைந்தால் கத்தும் பலகை

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் ஆசியுடன் எழுதுவது. இங்கு எல்லோரும் சௌக்கியம், கீழ் வீட்டுத் தையல்காரரைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை நீ மோட்டாரைத் தானே நிறுத்தும் தானியங்கி சுவிட்சோடு வரப்போவதாக உன் அக்கா சொன்னாள். வர வேண்டாம். மோட்டாரைப் போட்டுவிட்டு நான் மறந்துபோவதும், மொட்டைமாடித் தொட்டி வழிந்து, அவர் தைத்துத் தேய்த்து வெளியே மாட்டிய சட்டைகள் நனைவதும் உண்மைதான். அதற்காக, "இன்னொரு தடவை வழிஞ்சா நீங்க சுவிட்ச் பக்கமே போகக் கூடாது, தம்பி வந்து பாத்துக்குவான்" என்று உன் அக்கா அவர் எதிரிலேயே சொல்ல வேண்டுமா? எனக்கு அவமானமாகப் போய்விட்டது. தொட்டி நிறைந்ததும் கத்தும் கருவியை நானே செய்வது என்று அன்றே முடிவு கட்டினேன்.

முதலில் பிரெட்போர்டு, மின்சுற்றைச் சோதித்துப் பார்க்கும் ஓட்டைப் பலகை. ஓட்டையில் கம்பியைச் செருகினால் போதும், தப்பென்றால் பிடுங்கிக்கொள்ளலாம், என்னைப் போன்ற அவசரக்காரனுக்கென்றே செய்தது. ஆனால் உன் அக்கா கதவு சாத்தும் அழகு உனக்குத் தெரியும், ஒவ்வொரு சாத்தலுக்கும் ஒரு கம்பி கழன்றது. சரி என்று எலக்ட்ரானிக்ஸ் கடையில் வெரோ போர்டு என்ற பற்றவைக்கும் பலகை வாங்கினேன். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் கதவென்ன, வீடே ஆடினாலும் அசையாது. அடியில் வரிசையாக ஓடும் செம்புப் பட்டையை வேண்டாத இடத்தில் வெட்ட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதை மட்டும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாம் எல்லாவற்றோடும் கூட்டுச் சேர்ந்து புகைந்தது. "ஏங்க, அடுப்புல எதாவது வச்சீங்களா?" என்றாள்.

விடுவேனா? கடைசியாக பி.சி.பி., அதாவது அச்சிட்ட சுற்றுப் பலகை. அதில் கம்பியே கிடையாது, பாதையெல்லாம் செம்பிலேயே இருக்கும், ஆனால் தப்பு செய்தால் தப்பும் அதிலேயே இருக்கும். கடைக்காரர் வரைந்து தந்த சுற்றின் படத்தை அச்செடுத்துச் செம்புத் தகட்டின் மேல் கவிழ்த்து இஸ்திரி போட்டால் மை ஒட்டிக்கொள்ளும், மை இல்லாத செம்பை அமிலத்தில் கரைத்துவிடலாம். இஸ்திரிப் பெட்டியைத் தையல்காரரிடமே வாங்கினேன். அச்சகத்தில் காலமெல்லாம் எழுத்தைத் திருப்பிக் கோத்தவன் அல்லவா, திருப்பினால்தானே நேராக விழும் என்று படத்தை இடவலம் மாற்றி அச்செடுக்கச் சொன்னேன். கடைக்காரர் அதையும் யோசித்து முன்பே திருப்பித்தான் வரைந்திருக்கிறார். சிப்பின் கால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அசருவேனா நான்? சிப்பைக் கரப்பான்பூச்சி மாதிரி மல்லாக்கப் போட்டுப் பற்றவைத்தேன். கத்துதுப்பா!

ஆகவே உன் சுவிட்சை வேறு வீட்டில் மாட்டிக்கொள். குழந்தைகளுக்கு முத்தம், உன் மனைவிக்கு என் அன்பு, எல்லோரும் நல்லா இருங்க.

இப்படிக்கு,
எவர் தயவும் வேண்டாத உன் அத்தான்

பி.கு.: கையெழுத்துப் போடும்போதே தொட்டி நிறைந்து கருவி அலறியது. ஆஹா, என்ன குரல்! தையல்காரரை மேலே கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "பரவாயில்லையே சார், பிச்சு உதறுது!" என்று அவரும் அசந்துபோய் நின்றார். மோட்டாரை நிறுத்த வேண்டுமென்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கீழே ஒரு சட்டை மிச்சமில்லை. கடிதம் கண்டதும் கிளம்பி வா.