பேர் கேட்கக் கூடாத மூலிகை

மருந்துவாழ்மலை அடிவாரத்தில் அப்படியொரு கூட்டம். மார்த்தாண்டத்திலிருந்து வேன், குளச்சலிலிருந்து ஆட்டோ. சும்மாவா? சாமியார் மலையேறிப் பறித்த மூலிகைச் சாற்றை ஒரு டம்ளர் குடித்தால் சர்க்கரை வியாதி ஓடிவிடுமாம். ஆனால் மாத்திரையை அடியோடு நிறுத்திவிட வேண்டும். இரண்டையும் சேர்த்தால் மூலிகைக்குக் கோபம் வந்துவிடும். எவ்வளவு ரோஷம் பாருங்கள்!

என்ன செடி என்று மட்டும் கேட்கக் கூடாது. பேர் சொன்னால் வீரியம் போய்விடுமாம். நம் ஆட்களும் கேட்கவில்லை. அந்த மலையில் எது முளைத்தாலும் மூலிகை, அவ்வளவுதான். சந்தைக்குப் போய் ‘மீன் கொடு’ என்று மொட்டையாகக் கேட்பார்களா? சாளையா, நெத்திலியா என்று செவுளைத் தூக்கிப் பார்த்துத்தானே வாங்குவார்கள்?

குளச்சலில் அந்த மீனை விற்கிற பேபியும் மூன்று வாரமாகக் குடித்தாள், மாத்திரையை நிறுத்தினாள். காலில் இருந்த சின்னப் புண் முற்றிப் பெருவிரல் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் அஜிஷா கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள்.

இந்த வாரம் அம்மாவோடு அவளும் வரிசையில் நின்றாள். கையில் ஒரு பாட்டில் பச்சைச் சாறு.

“சாமி, இதுவும் இந்த அடிவாரத்துல பறிச்சதுதான். நல்ல மூலிகை. ஒரு மடக்கு குடிச்சுக் காட்டுங்க, பொறவு அம்மைக்குக் குடுக்கேன்.”

சாமியார் முகர்ந்து பார்த்தார். முகம் கோணியது. “என்ன செடி இது?”

“மூலிகை சாமி.”

“மூலிகைன்னா எந்த மூலிகை பிள்ளே? எருக்கும் மூலிகைதான், ஊமத்தையும் மூலிகைதான். பேர் தெரியாம கண்டதையும் குடிச்சிட்டு நான் சாவவா?”

பேபிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“ஏலே, நான் மூணு வாரமா பேர் தெரியாமத்தானல குடிக்கேன்! உனக்க உசுரு மட்டும் வெல்லக்கட்டியா?”

அஜிஷா பாட்டிலை வாங்கி மடமடவென்று குடித்தாள். “முருங்கைக்கீரைதான். இனி நீரு சொல்லும், உமக்க அண்டாவுல என்ன?”

சாமியார் பின்னால் கட்டியிருந்த திரையைக் கிழித்துக்கொண்டு ஓடினார். உள்ளே ஒரு மிக்சி, அல்வாவுக்குப் போடும் பச்சைக் கலர்ப் பொடி, யார் வீட்டு வேலியிலோ வெட்டிய இலைதழை. மலையேறத்தான் ஆளுக்கு வராது போலிருக்கிறது, ஓட்டம் பிரமாதம்!

பேபி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனாள். பெருவிரலை எடுத்துவிட்டார்கள், கால் தப்பியது. பேரைக் கேட்டால் கோபிக்கிற எந்தச் சாமியாரும், நாளைக்கு இறப்புச் சான்றிதழில் நம் பேரை எழுதும்போது பக்கத்தில் நிற்கப் போவதில்லை. கேளுங்கள் ஐயா, உயிரோடு இருக்கும்போதே வாயைத் திறந்து கேளுங்கள்!