அடுத்தகட்டம் அண்ணனும் முழங்கால் எண்ணெயும்

ஓர் ஒப்பந்தத்தை, அதை எழுதிய வக்கீலைவிட அதிகமாக மதித்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான்: ஜவ்வாது மலை அடுத்தகட்டம் அண்ணன்.

நெல்லிவாசல்நாட்டில் சாமை விதைத்துக்கொண்டு, முழங்கால் வலிக்கு ஓர் எண்ணெயும் காய்ச்சிக்கொண்டிருந்தார். அதை வைத்து மருந்து தயாரிக்கும் உரிமையை வாங்கிவர எங்கள் கம்பெனி என்னை அனுப்பியது. கையெழுத்தானதும் ஒரு தொகை, எலிச் சோதனை தேறினால் ஒரு தொகை, மனிதச் சோதனை தேறினால் இன்னொன்று, மருந்து கடைக்கு வந்துவிட்டால் விற்பனையில் ஒரு பங்கு, அதாவது ராயல்டி. ஒவ்வொன்றுக்கும் "அடுத்த கட்டம் இன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

"எலிக்கு முட்டி வலின்னு யாரு சார் சொன்னாங்க?"

"நாங்களே வர வைப்போம்ணா."

"வலி போய்ட்டா எப்டி தெரியும்? அது சொல்லுமா?"

"ஓட விட்டுப் பார்ப்போம்."

"பூனைய வுட்டா வலியிருந்தாக்கூட ஓடுமே சார்."



கையெழுத்தானபின் அண்ணன் வாழ்க்கையையே கட்டம் கட்டமாக நடத்த ஆரம்பித்தார். ஆலங்காயம் போகும் ஜீப்பில் ஏறியதும் கால் பங்கு கூலி, மலை இறங்கியதும் கால் பங்கு, ஊர் சேர்ந்தால் மீதி. வழியில் பஞ்சர் ஆனால் "கட்டம் தேறல" என்று இறங்கி நடந்துவிடுவார். கடைசியில் டிரைவர் கும்பிடு போட்டு இலவசமாகவே ஏற்றிக்கொண்டார். மகளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் பரிசத்தில் நிச்சயத்துக்குப் பாதி, தாலிக்குப் பாதி என்றார். அதோடு விட்டாரா? பிறக்கப்போகும் பேரனின் சம்பளத்தில் தனக்கு ராயல்டி வேண்டும் என்றார். மாப்பிள்ளை டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஒரு வருஷம் கழித்து மறுபடி மலையேறினேன். எலிகள் தேறவில்லை. எண்ணெய் தடவியதும் சுகமாகத் தூங்கிவிட்டன. உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று கம்பெனி அனுப்பியிருந்தது. ஊருக்குள் நுழைந்தால் எதிரே வந்த அத்தனை பேரும் நொண்டினார்கள். அண்ணியும் நொண்டிக்கொண்டேதான் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் அண்ணனோடு பேசி மாதக்கணக்காகிறதாம்.

"உரிமைய வித்தாச்சு இல்ல? ஊர்ல ஒரு சொட்டு யாருக்கும் குடுக்கல சார். எங்க வூட்டுக்கே குடுக்கல" என்றார் அண்ணன், பெருமையாக.

ஊராருக்கு எப்போதும்போல எண்ணெய் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு பக்கமே இருந்தது. கையெழுத்தன்று கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நான்தான் அதைப் படித்துக் காட்டாமல் புரட்டிவிட்டேன். அவரைத் தனியே அழைத்து, உரிமை திரும்பியதையும் இதையும் சொன்னேன். போய் அடுப்பை மூட்டினார்.

வாசனை பிடித்து ஊரே கூடிவிட்டது. எண்ணெய் கொடுக்க ஒப்பந்தத்திலேயே இடமிருக்கிறது என்று அண்ணன் சொன்னார்.

"குடுக்கலாம்னா, இவ்ளோ நாளா எங்கள நொண்ட வுட்டது யாரு?" என்று ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு கேட்டார். நான் எழுந்தேன். அண்ணன் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"சார் அன்னிக்கே படிச்சுக் காட்னாரு. என் காதுலதான் சரியா வுழல."

அன்று முழுக்க ஊர் அவரை வாயில் வந்தபடி திட்டியது. அவர் ஒவ்வொரு முட்டியாகத் தடவிவிட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்காமல் ஜீப் ஏறிவிட்டேன்.

மலையில் யாராவது இதைப் படித்தால், தப்பு என்னுடையது. அண்ணன் காதில் ஒரு குறையும் இல்லை, தயவுசெய்து அண்ணியிடம் சொல்லுங்கள்.