வரவேற்புக் குழு கட்டிய கண்ணாடி அறை

மழலையரை வரவேற்க மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்தவற்றில் தலையாயது, ஆலயத்தின் பின்பக்கத்தில் சபைச் செயலாளர் கட்டி முடித்த எட்டடிக்கு ஆறடிக் கண்ணாடி அறைதான். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கைக்குழந்தைக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும்.

செயலாளர் கல்நெஞ்சக்காரர் அல்ல. ஒரு ஞாயிறு, ஜெபத்தின் நடுவே அவருடைய மூன்று வயதுப் பேத்தி, "தாத்தா, முடிஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டாள். முன்வரிசைகளில் பதினான்கு தலைகள் திரும்பி முறைத்தன. அன்றோடு மகள் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பக்கத்து இடம் காலியாகக் கிடக்க, செயலாளருக்குப் பாடல்களில் மனம் ஒட்டவில்லை. பேத்தியை எப்படியாவது திரும்ப வரவழைத்துவிட வேண்டும் என்றுதான் 'மழலையர் வரவேற்புக் குழு'வை அமைத்தார்.

குழு ஏழு முறை கூடியது. தாய்மார் யாரையும் சேர்க்கவில்லை. கூட்டத்துக்குக் குழந்தையோடு வந்துவிடும் அபாயம் இருந்தது. அறை தயாரானதும் முறைப்படி சோதித்தார்கள். பாடகர் குழுத் தலைவர் உள்ளே உட்கார்ந்து, தம்மைப் பால்குடிக் குழந்தையாகப் பாவித்து, தொண்டை கட்டும்வரை வீறிட்டு அழுதார். வெளியே மூச்! உறுப்பினர்கள் கைகுலுக்கிக்கொண்டார்கள். வெளியில் பேசுவது உள்ளே கேட்குமா என்று பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

திறப்பு ஞாயிறன்று செயலாளரே மகளையும் பேத்தியையும் உள்ளே உட்கார வைத்தார்.

"உள்ள ஒண்ணுமே கேக்கலையேப்பா," என்றாள் மகள்.

"உங்களால யாருக்கும் தொந்தரவு இல்லம்மா. நிம்மதியா இரு," என்று கதவைச் சாத்தினார்.

குழந்தைகளைத் தடுக்கலாகாது என்று ஆயர் அன்று முக்கால் மணிநேரம் உருகினார். சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது. செயலாளர் திரும்பிப் பார்த்தார். பேத்தி இரண்டு கையையும் கண்ணாடியில் ஊன்றி, வாய் நிறைய அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போகத்தான் நினைத்தார். நடு ஆராதனையில் செயலாளரே எழுந்தால் சபை ஒழுங்கு என்னாவது? கையை லேசாக ஆட்டிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அறை காலி. மகளுக்குப் போன் செய்தார்.

"அவ வரமாட்டேங்கிறாப்பா. கூப்பிட்டாலும் தாத்தா வரமாட்டாருன்னு சொல்றா."

அன்று மாலையே செயலாளர் ஆண்டறிக்கையை எழுதி முடித்தார். திட்டம் முழு வெற்றி, ஆராதனையில் இப்போது குழந்தைகளின் சத்தம் யாருக்கும் கேட்பதில்லை என்று குழு சொன்னதை அப்படியே எழுதினார். கடைசி வரியை மட்டும் யாரையும் கேட்காமல் தாமாகச் சேர்த்தார்:

"கண்ணாடி முதல் தரமானது. ஆகவே கடவுளுக்கும் கேட்டிருக்காது என்று குழு உறுதியாக நம்புகிறது."