மூன்று துளையும் ஒரு மோல்ட் பெட்டியும்

பெருமைக்காக வயிற்றைக் கிழித்துக்கொண்டவன் நான். இப்போது அதைச் சொல்ல வெட்கமில்லை.

புதுக்குடியிருப்பில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் கணக்கு ரியூசன் நடத்திக்கொண்டிருந்தேன். தாய் தகப்பன் இல்லை. கூடப்பிறந்த ஒரே அக்கா கனடாவில். குடல்வால் வீங்கி ஆஸ்பத்திரியில் விழுந்தபோது டொக்டர் இரண்டு வழி சொன்னார். மூன்று சின்னத் துளை போட்டு, கமெரா விட்டு எடுக்கலாம். நோவு குறைவு, மறுநாளே வீட்டுக்குப் போகலாம். அல்லது வலப்பக்கம் வெட்டி எடுக்கலாம். தையல் பெரிது, நாலைந்து நாள் கிடக்கவேண்டும்.

புத்தியுள்ளவன் துளையைக் கேட்பான். நானோ மறுநாளே திரும்பவேண்டிய அந்த அறையை நினைத்தேன். சுடுதண்ணீர் வைத்துத் தரக்கூட ஆளில்லாத அறை. வார்டில் என்றால் இருபது பேர் இருந்தார்கள். அதோடு, எங்கள் பக்கத்தில் துளை போட்டதையெல்லாம் ஒப்பரேசன் என்று கணக்கெடுக்க மாட்டார்கள். வெட்டினால்தான் பார்க்க வருவார்கள். (மாணவர்களின் பெற்றோர் வரிசையில் நிற்பதாகக் கனவு வேறு.)

வெட்டச் சொன்னேன்.

"வீட்டிலை பாக்க ஆக்கள் இருக்கினமோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம், வீடு நிறைய ஆக்கள்."

பக்கத்துக் கட்டிலில் இரணைமடு விவசாயி சிவம் அண்ணை. அவருக்கும் அதே நாள், அதே குடல்வால், ஆனால் துளை. அன்று பின்னேரமே அவருடைய கட்டிலடி அலுமாரியில், கரைத்துக் குடிக்கிற மோல்ட் மாப் பெட்டிகளும் தோடம்பழங்களும் நிறைந்துவிட்டன. பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருவது அதுதான். ஒருவனுடைய சொந்தபந்தத்தை வார்டு எண்ணுவதும் அதை வைத்துத்தான். என் அலுமாரியில் ஒரு வெறும் கோப்பை. போர்வையால் முகத்தை மூடி நித்திரைபோலக் கிடந்தேன். தையலைவிட அந்த ஒரு மணித்தியாலம்தான் நொந்தது.

மறுநாள், ஆட்கள் வருமுன் வாசல் கடைக்குக் கூனிக் கூனிப் போய் எனக்கு நானே ஒரு மோல்ட் பெட்டி வாங்கினேன். யாரோ கொண்டுவந்ததுபோல அலுமாரியில் வைப்பதாகத் திட்டம். திரும்பும்போது தையல் சுண்டி இழுத்தது. நிமிரவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. கடைசியில் தாதி சக்கரக் கதிரையோடு வந்து, மோல்ட் பெட்டியை மடியில் வைத்து, பார்க்க வந்த சனத்துக்கு நடுவே என்னைத் தள்ளிக்கொண்டு போனார். திருவிழாத் தேர்கூட அவ்வளவு மெதுவாகப் போகாது.

சிவம் அண்ணையை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்த அவர் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணை நல்லூர்க் கோயிலை வலம் வருகிறவர்போல் நடந்து திரிந்தார். என்னைக் கட்டிலில் ஏற்றியதும் அந்த அக்கா மெல்லக் கேட்டார்.

"தம்பி, வீடு நிறைய ஆக்கள் எண்டு டொக்டருக்குச் சொன்னனீராம், இவர் கேட்டவர். ஒராளையும் காணேல்லையே?"

அழுகை வந்தது. அழுதாலும் தையல் இழுத்ததால் அதையும் பாதியில் விட்டேன்.

"இஞ்சையிருந்து விட்டவுடனை எங்கடை வீட்டை வாறீர். வேறை கதை வேண்டாம்."

பத்து நாள் அவர்கள் வீட்டில் கிடந்தேன். இன்றைக்கும் பொங்கலுக்குப் போய்க் கதிரையில் இருந்தவுடன் சிவம் அண்ணை சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார்: "வீட்டிலை ஆக்கள் எல்லாரும் சுகமோ?" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்கா குசினியிலிருந்து மோல்ட் கரைத்துக்கொண்டு வருவார்.

நான் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுச் சொல்வேன்: "ஓம், எல்லாரும் சுகமாத்தான் இருக்கினம்."