பன்றியின் குடலும் நரியின் நோட்டும்

ஒரு காட்டில், குடலை வெட்டித் தைத்த அன்றைக்கே ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. டாக்டர் மரங்கொத்தி வயிற்றைக் கிழிக்க மாட்டார். மூன்று சின்ன ஓட்டை போட்டு வேலையை முடித்துவிடுவார்.

செவத்தையா என்ற கிழக் காட்டுப்பன்றிக்கும் காலையில் முடித்தார். மத்தியானம் அது எழுந்து நடந்தது, கஞ்சித் தண்ணீர் குடித்தது. பாக்கி ஒன்றுதான். வீட்டில் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் வார்டிலேயே படுக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில், மூன்று நாளாகப் பட்டினி போடப்பட்ட புலி ஒன்று செவத்தையாவை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தது.

பலாப்பழத்தோடு பார்க்க வந்த சொந்தம் பதினாறு உருப்படி. படிவத்தைக் கண்டதும் மச்சினன் கூரையைப் பார்த்தது. வீட்டுக்காரி தனக்கு எழுதத் தெரியாது என்றது. கால்ரேகை போதும் என்று கொக்கு நர்ஸ் சொன்னதும், காலில் முள் குத்தியிருக்கிறது என்றது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. நரி மாசானம். பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணப் பந்தியில், செவத்தையாவின் இலையை மட்டும் தாண்டிப் பாயசம் ஊற்றிய அதே நரி. அன்றிலிருந்து இரண்டுக்கும் பேச்சு கிடையாது. ஆள் தேறுமா தேறாதா என்று பார்க்கத்தான் வந்திருந்தது.

"நான் பார்த்துக்கிறேன். இவன் முனகுறதைப் பக்கத்துல இருந்து கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை."

செவத்தையா நரியைப் பார்த்தது. புலியைப் பார்த்தது. தலையாட்டிவிட்டது.

வீட்டில் சொந்தம் பலாப்பழத்தைத் தின்றது. நரி மட்டும் நோட்டும் கையுமாகக் கட்டிலடியில் உட்கார்ந்து, காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா, காற்றுப் பிரிந்ததா என்று மணிக்கொரு தரம் கேட்டு எழுதியது. இன்னும் பிரியவில்லை என்று வாசலில் நின்று காட்டுக்கே அறிவித்தது. செவத்தையாவுக்குத் தையலைவிட அதுதான் வலித்தது.

மறுநாள் மத்தியானம் வயிறு மத்தளம் மாதிரி உப்பி, உடம்பு கொதித்தது. வெறும் வாயு என்றது அத்தை. சோடா கொடுத்தால் சரியாகும் என்றது மச்சினன். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று செவத்தையாவே சொன்னது. திரும்பிப் போனால் அங்கே புலி. நரிக்கோ கண் பளபளத்தது. எதிரிக்கு ஒரு கேடு வந்திருக்கிறது, அதைப் போய் ஒன்றுமில்லை என்று சொல்ல விடுமா? உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நோட்டில் இருந்ததை ஒரு வரி விடாமல் ரசித்து வாசித்தது.

தையல் ஒன்று கசிந்திருந்தது. டாக்டர் அடைத்தார். இன்னும் இரண்டு மணி நேரம் சோடாவை நம்பிப் பொறுத்திருந்தால் ஆள் இல்லை என்றார்.

செவத்தையா கண் விழித்தபோது பக்கத்துக் கட்டில் காலி. புலிக்கு ஒரு மான் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போனதாம். நர்ஸ் நாலு தடவை போன் போட்டும் மான் எடுக்கவில்லையாம்.

பதினொரு வருஷத்துக்குப் பிறகு செவத்தையா நரியிடம் வாய் திறந்தது.

"ஏன்டா கூப்பிட்ட? விட்டிருந்தா நான் போயிருப்பேன்ல?"

நரி நோட்டை மூடியது. "நீ போயிட்டா, அப்புறம் நான் யாரைப் பகைச்சுக்கிட்டு உக்கார்றது?"

அடுத்த தை மாதம் செவத்தையா வீட்டில் கல்யாணம். பாயச வாளியை அதுவே தூக்கியது. நரியின் இலை வந்ததும், ரொம்ப அக்கறையாகத் தாண்டிப் போனது. இன்னொரு ஆபரேஷன் வந்தால் ஆள் வேண்டுமே.

நீதி: குடலைத் தைத்துக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புகிறவர், சொந்தக்காரர்களைத் தூங்க விட்டுவிட்டு, நன்றாக முற்றிய பகையாளி ஒருவரைக் கட்டிலடியில் உட்கார வைக்கவும். கைவசம் இல்லாதவர்கள் இன்றைக்கே யாரோடாவது சண்டையைத் தொடங்கலாம்.